நிழலுக்கும் நிறம் உண்டு

வெயில் எட்டாத வாசல், சொந்தமில்லாத மண். மூணாறு லயங்களிலும் பாலக்காட்டு வரிசை வீடுகளிலும் தொட்டிச் செடிகள் இரண்டுக்கும் பதில் சொல்கின்றன.

மூணாறுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ஒரே நிறத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பச்சை. மலைச்சரிவு முழுவதும் கத்தரித்துவிட்ட தேயிலையின் பச்சை. மற்ற நிறங்களைப் பார்க்க வேண்டுமானால் சாலையை விட்டுச் சற்று இறங்க வேண்டும். சரிவில் நீளமாகக் கிடக்கும் தகரக் கூரைகளின் கீழே, வாசலுக்கு வாசல், அவை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எண்ணெய் டின்னில் ரோஸ் நிறப் பால்சம். பெயிண்ட் வாளியில் கருஞ்சிவப்புக் கோலியஸ். பாதியாக அறுத்துக் கம்பி கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் குடத்தில் பிகோனியா. கைப்பிடி போன அலுமினியச் சட்டியில் பெரணி.

தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் இந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். வெளிச்சம் வர முன்பக்கம் ஒரு வழி, பின்பக்கம் ஒரு வழி. பின்பக்கம் பெரும்பாலும் மண்திட்டு. முன்பக்கம் அடுத்த வரிசையின் கூரை. மீதி வெயிலை மேகம் எடுத்துக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சூரியன் தலைகாட்டினாலே அது செய்தி. இப்படிப்பட்ட வாசலில் ரோஜாவும் சாமந்தியும் வைத்தால் இலைதான் மிஞ்சும். மல்லிகையோ இந்தக் குளிரில் மொட்டு விடவே யோசிக்கும். தலைக்கு வைக்கும் மல்லிகை அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வருகிறது. வாசலில் பூப்பது வேறு இனம்.

தோட்டக்கலைக் குறிப்புகள் பல, நிழலை ஒரு குறையாகவே எழுதுகின்றன. இந்த மலைக்கு அது பொருந்தாது. இடுக்கியின் பெரும் பணப்பயிரான ஏலம் மரநிழலில்தான் விளைகிறது. தேயிலைக்குக்கூட நடுநடுவே சில்வர் ஓக் நிழல் உண்டு. நிழலை நம்பிப் பிழைக்கும் மாவட்டத்தில் நிழலில் பூ பூக்க வைப்பது நடக்காத காரியமில்லை. எந்தச் செடி, எந்தச் சட்டி, எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்திருக்க வேண்டும். லயத்து வாசல்களைப் பார்த்தால் அது அங்கே தெரிந்திருக்கிறது என்பது புரிகிறது. நகரத்து அடுக்குமாடிப் பால்கனியில் செடி வைத்துத் தோற்றுப்போனவர்கள் இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மண் யாருடையது?

ஏன் தரையில் நடாமல் டின்னில் நடுகிறார்கள் என்ற கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1877 ஜூலையில் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் எழுதி வாங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் மலை தேயிலைக்கு மாறியது. கங்காணிகள் அழைத்துவர, தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் மலையேறினார்கள். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1971-ல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தைக் கேரள அரசு கொண்டுவந்தது. 2005-ல் டாடா டீ தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபோது, தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி உருவானது.

இத்தனை கை மாறியும் லயத்து வீட்டின் நிலை மாறவில்லை. வீடு வேலையோடு ஒட்டியது. தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பை 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் தலையில் வைத்தது. வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம். முப்பது வருஷம் வாழ்ந்த வாசலில் ஒரு செடியைத் தரையில் நட்டால் அது தோட்டத்தின் செடி. டின்னில் நட்டால் அது நட்டவளின் செடி. சாமான் ஏற்றும் லாரியில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

டின்னுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு இடிந்து விழுந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். அந்த நிலச்சரிவு மேலேயிருந்து வந்தது, வாசலில் யார் எதை நட்டார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் திட்டின் அடியை வெட்டிப் பாத்தி எடுப்பதும், அதில் தண்ணீர் தேங்க விடுவதும் ஆபத்து என்பது மலையில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் பாடம். தொட்டித் தோட்டம் சரிவில் ஒரு கூடை மண்ணைக்கூடக் கலைப்பதில்லை.

ஒரே மாதிரி இரண்டு வரிசை

மூணாறிலிருந்து ஆனைமலையைத் தாண்டி வடமேற்கே போனால் பாலக்காடு மாவட்டம். இடுக்கியைப் போலவே தமிழ்நாட்டை ஒட்டி, வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம். நெல்லியாம்பதி மலையில் காப்பி, ஏலம், தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே தொழிலாளர் வரிசை வீட்டைப் பாடி என்பார்கள். பெயர் வேறானாலும் வாசல் ஒன்றுதான். 2018 ஆகஸ்ட் மழையில் சாலை அறுந்து நெல்லியாம்பதி நாள்கணக்கில் தனித்து நின்றது. கடையில் செடி வாங்கும் பழக்கம் இப்படிப்பட்ட மலைக்கு ஒத்துவராது. பக்கத்து வீட்டுக் கிளைதான் நாற்றுப் பண்ணை.

மலையிலிருந்து இறங்கினால் கல்பாத்தி. பாரம்பரிய கிராமம் என்று கேரள அரசு அறிவித்திருக்கும் தமிழ் அக்கிரகாரம். லயத்துக்கும் அக்கிரகாரத்துக்கும் சமூக நிலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் வீடு கட்டிய விதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இங்கேயும் வீட்டுக்கு வீடு சுவர் பொது. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை, நடுவே வானம் பார்த்த சின்ன முற்றம். இந்த மூன்று இடத்தில்தான் வெளிச்சம். திண்ணை ஓரத்திலும் முற்றத்தின் விளிம்பிலும் மண் சட்டிகளில் செடி வளர்ப்பவர்களுக்கு லயத்துப் பெண்ணுக்கு இருக்கும் அதே பிரச்சினை இருக்கிறது. வெயில் போதாது.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பிரச்சினை வேறு. தெருவில் வெயில் கொளுத்தும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த வெயிலில் சட்டியில் எதையும் நிறுத்த முடியாது. அங்கே நிழல்தான் செடிக்கு அடைக்கலம்.

எந்த நிழல்?

நிழல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். செடிக்கு அதில் பல தரம். நம் கண்ணை நம்பினால் ஏமாந்து போவோம். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும் வெளிச்சம், ஜன்னலை விட்டுத் தள்ளிய அறைக்குள் சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். கண் பாப்பா விரிந்து அந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. செடியிடம் அந்த வித்தை இல்லை.

கருவி இல்லாமல் வெளிச்சத்தை அளக்க எளிய வழி உண்டு. நண்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அது நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிற அளவுக்கு மங்கலாக விழுந்தால் நடுத்தர நிழல். நிழலே விழாவிட்டால் அது அடர்ந்த நிழல்.

பூக்கும் செடி எல்லாம் முதல் இடத்துக்கு. நிற இலைச் செடி முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும். மூன்றாம் இடத்தில் பெரணி, மணி பிளாண்ட், பீஸ் லில்லி போன்ற பொறுமைசாலிகள் மட்டும் தங்கும். அவற்றையும் வாரம் ஒரு நாள் வெளிச்சத்துக்கு மாற்றி வைத்தால் நல்லது. தொட்டியின் பெரிய வசதியே அதுதான். தரையில் நட்ட செடியைத் தூக்கி வைக்க முடியாது.

இலைதான் பூ

நிழலில் நிறம் வேண்டும் என்றால் பூவை விட இலையை நம்ப வேண்டும். பூ பூப்பது செடிக்குச் செலவு. வெளிச்சம் என்ற வருமானம் குறைந்தால் முதலில் வெட்டுப்படும் செலவு அதுதான். இலையோ வருஷம் முழுக்க நிற்கும்.

நிற இலைகளில் முதலிடம் கோலியஸுக்கு. கருஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், ரோஸ் விளிம்பு வைத்த பச்சை என்று சேலைக்கடை அளவுக்கு ரகம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து உலகம் சுற்றி வந்த செடி இது. ஒரு கிளையை ஒடித்துத் தண்ணீர் டம்ளரில் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் வேர் விட்டுவிடும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதராக விரியும். கதிர் கதிராக வரும் பூவைக் கிள்ளிவிட வேண்டும், விட்டால் இலை சிறுத்துப்போகும்.

அடுத்தது பிகோனியா. இலைக்காகவே வளர்க்கும் ரெக்ஸ் பிகோனியாவின் மூதாதை நம் அஸ்ஸாம் பக்கத்து மலைச் செடி. 1850-களில் ஐரோப்பா போய் நூற்றுக்கணக்கான கலப்பினமாகப் பெருகியது. வெள்ளி பூசியது போன்ற இலை. கருநிழலிலும் பளிச்சென்று தெரியும். ஒரே ஓர் இலையை நரம்பில் கீறி ஈர மணலில் பரப்பி வைத்தால் கீறிய இடத்தில் குட்டி முளைக்கும். கலேடியம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெள்ளையும் சிவப்புமாகக் காகிதம் போன்ற இலை. கிழங்கு வகை என்பதால் குளிர்காலத்தில் இலை உதிர்ந்து உறங்கிவிடும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கோடை மழையில் எழுந்து வரும். கலேடியம், ஆந்தூரியம், மணி பிளாண்ட் எல்லாம் சேப்பங்கிழங்குக் குடும்பம். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையும் ஆடும் இருக்கும் வீட்டில் இவற்றை உயரத்தில் வையுங்கள்.

பூவும் வேண்டும் என்பவர்களுக்குப் பால்சம். நம் ஊர்க் காசித்தும்பைக்கு இது உறவு. நிழலில் பூக்கும் தொட்டி ரகம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஒரு டின்னில் வைத்தால் மாதக்கணக்கில் ஓயாமல் பூக்கும். இதையே நம்பியிருந்த அமெரிக்கத் தோட்டக்காரர்களுக்கு 2011, 2012-ல் பாடம் கிடைத்தது. இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சை படரும் நோய் வந்து பாத்தி பாத்தியாகச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. அந்த நோயைத் தாங்கும் நியூகினி ரகத்தின் பக்கம் பலர் திரும்பினார்கள். 1970-ல் நியூகினித் தீவுக்குப் போன ஓர் அமெரிக்கத் தாவர ஆய்வுக் குழு சேகரித்து வந்த செடிகளிலிருந்து பெருகியது அது. நமக்கு இதில் பாடம், ஒரே வகைச் செடியால் வாசலை நிரப்பாதே என்பது.

குளிர்ந்த மலைக்கு மட்டும் சொந்தமானவை இரண்டு. கம்மல் போலத் தொங்கும் ஃபுஷியா ஒன்று. பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா இன்னொன்று. ஹைட்ரேஞ்சியாவில் ஒரு வேடிக்கை உண்டு. நீலம், ரோஸ் நிறங்களில் பூக்கும் ரகங்களில், பூவின் நிறத்தைத் தீர்மானிப்பது மண். மண்ணில் புளிப்புத் தன்மை இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்கு ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் அலுமினியம் கரையாது, அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். அதனால் தேயிலை மண்ணில் வைத்தால் இந்தச் செடி நீலப்பூ தருவது இயல்பு. இளஞ்சிவப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டால் சட்டியில் ஒரு பிடி சுண்ணாம்பு போதும். சட்டி சின்ன உலகம். அதன் மண்ணை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சட்டிக்குள் என்ன?

15 கிலோ எண்ணெய் டின் நல்ல தொட்டி. ஆணியை வைத்து அடியில் ஐந்தாறு ஓட்டை போட வேண்டும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் துருப்பிடித்துப் போகும், அதற்குள் செடியை வேறு டின்னுக்கு மாற்றிவிடலாம். பெயிண்ட் வாளியை நன்றாகச் சுரண்டிக் கழுவ வேண்டும். பூச்சிமருந்து வந்த கேனை மட்டும் தொடவே கூடாது. செடிக்கும் கூடாது, தண்ணீர் பிடிக்கவும் கூடாது.

அடியில் பாதி வரை ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மண்ணில் நிற்கும் ஈரம் ஜல்லிக்குள் சுலபமாக இறங்குவதில்லை. அது ஜல்லிக்கு மேலேயே தங்கி, வேர் நிற்கும் மட்டத்தை ஊறவைக்கும். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். மீதி இடமெல்லாம் மண்ணுக்கு.

மண் இளக்கமாக இருக்க வேண்டும். மேல்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டு எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவுக்கு இந்த எல்லைப் பகுதி எங்கேயும் போக வேண்டாம். சித்தூருக்குக் கிழக்கே பொள்ளாச்சி இருக்கிறது. ஒரு காலத்தில் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடந்த குப்பை இது. இன்று செங்கல்போல் அழுத்திக் கட்டியாக்கிக் கப்பல் ஏற்றுகிறார்கள். ஐரோப்பாவில் தொட்டி மண்ணுக்காகச் சதுப்பு நிலத்துக் கரியை வெட்டி எடுப்பதற்கு எதிர்ப்பு வளர வளர, அந்த இடத்தைத் தென்னை நார் பிடிக்கிறது. 5 கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் பல வாளி அளவுக்கு உப்பி வரும். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் பயன்படுத்தினால் இலை நுனி கருகும்.

ஒரே சட்டியில் பல செடி வைக்க விரும்பினால் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிற்பார், ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஒருவர் காலைத் தொங்கப் போட்டிருப்பார். நடுவில் நிற்பதற்கு ஒரு டிரசீனா அல்லது உயரமான கோலியஸ். சுற்றிலும் உட்கார பிகோனியா, பால்சம். விளிம்பில் தொங்க ஸ்பைடர் பிளாண்ட் அல்லது மணி பிளாண்ட். சட்டி முக்கால் அடிக்குக் குறையாத ஆழம் இருக்கட்டும். எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குடும்பச் சண்டைதான்.

நிறத் தேர்விலும் நிழலுக்குத் தனிக் கணக்கு. கருஞ்சிவப்பும் ஊதாவும் கையில் பார்க்கும்போது அழகு, இருண்ட மூலையில் வைத்தால் காணாமல் போய்விடும். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் எலுமிச்சைப் பச்சையும்தான் நிழலில் தூரத்திலிருந்து தெரியும். கருநிறச் செடி வைப்பதானால் பக்கத்தில் வெளிர் நிறம் ஒன்று துணைக்கு வேண்டும்.

மழை, பனி, காற்று

நிழலில் செடி சாவதற்குப் பெரிய காரணம் தாகம் அல்ல, பாசம். வெயில் இல்லாத இடத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் உறிஞ்சப்படும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கு விடுமுறை. உரமும் அப்படித்தான், வெயில் செடிக்குக் கொடுப்பதில் பாதி போதும். டீ வடிகட்டிய தூளைப் போடுபவர்கள் பாலும் சர்க்கரையும் போகக் கழுவி மக்கவைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் எறும்புக்கு விருந்து.

மூணாறில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சட்டிகளைக் கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு உள்ளே இழுத்துவிட வேண்டும். அந்தத் தாரை ஒரே நாளில் மண்ணை அரித்து வேரை வெளியே காட்டிவிடும். மூணாறிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மறையூர் மழைமறைவுப் பிரதேசம். அங்கே அதே மாதத்தில் செடிக்குக் குடம் தூக்க வேண்டியிருக்கும். ஒரே மாவட்டம், இரண்டு வானம்.

டிசம்பர், ஜனவரியில் பனி. 2019 ஜனவரியில் மூணாறு பள்ளத்தாக்குகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, தேயிலையே கருகியது. கோலியஸும் கலேடியமும் ஒரு ராத்திரி உறைபனிக்குத் தாங்காது. சாயங்காலமே வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டும், முடியாவிட்டால் சாக்குப் போட்டு மூட வேண்டும். விடிந்து பார்த்தால் இலை கருகியிருந்தாலும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். தண்டு பச்சையாக இருந்தால் தளிர்க்கும்.

சித்தூர்ப் பக்கம் எதிரி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே பனிக்காலத்தில் வறண்ட கிழக்குக் காற்று வீசும். நிழலில் இருக்கும் செடியின் இலை விளிம்பும் அதில் காய்ந்து சுருளும். சட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் கும்பலாக நெருக்கி வையுங்கள், ஒன்றின் மூச்சு இன்னொன்றுக்கு ஈரம். தேங்காய் மட்டைக்கு அங்கே பஞ்சமில்லை. சட்டியின் உள்சுவரில் மட்டையை அடுக்கி மண் போட்டால் ஈரம் கூடுதல் நேரம் நிற்கும். சட்டிக்குள் சட்டி வைத்து இடையில் ஈர மணல் நிரப்புவது இன்னொரு வழி.

எங்கே வைத்தாலும் சட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தட்டில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டால் கணக்கு முடிந்தது.

காடு நாற்றுப் பண்ணை அல்ல

பெரணியும் காட்டுத் தும்பையும் ஆர்க்கிட்டும் சாலையோரப் பாறையிலேயே தெரிகின்றன, பிடுங்கி வந்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றுகிறது. வண்டியை நிறுத்திப் பிடுங்குகிறவர்கள் உண்டு. காப்புக்காட்டிலும் தேசியப் பூங்காவிலும் அது குற்றம். சட்டத்தை விடுங்கள், பலனும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுத் தும்பைகளில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில ரகங்கள் ஈரம் கசியும் பாறை முகத்திலோ பாசி படிந்த மரக்கிளையிலோ மட்டும் வாழும். ஆர்க்கிட்டின் வேர் ஒரு பூஞ்சையோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. வேரோடு பறித்து டின்னில் வைத்தால் அந்தக் கூட்டு அறுந்துவிடும். ஒரு பருவம் உயிர் இருக்கும், அடுத்த பருவம் டின் மட்டும் இருக்கும்.

இந்தச் செடிகளைக் காப்பாற்றி வளர்ப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்பதற்கு வயநாட்டின் பெரியாவில் உள்ள குருகுலத் தாவரச் சரணாலயம் சாட்சி. ஜெர்மனியிலிருந்து வந்த வொல்ஃப்காங் தியர்காஃப் 1981-ல் தொடங்கியது. காடு அழிந்த இடங்களிலிருந்து மீட்ட பெரணிகளும் தும்பைகளும் ஆர்க்கிட்களும் அங்கே மரநிழலில் வளர்க்கப்படுகின்றன. வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய அந்த வேலையை நாம் போகிற போக்கில் பிடுங்கும் ஒரு கொத்தோடு ஒப்பிட முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. அயல்நாட்டுப் பால்சம் விதை வெடித்துத் தெறிக்கும் இனம். வெட்டிய கிளையையும் பழைய மண்ணையும் ஓடையோரத்தில் வீசினால் அது தானே வேர் பிடித்து, உள்ளூர்த் தும்பை நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கழித்துப்போட்டது உரக்குழிக்குப் போகட்டும்.

காட்டுக்கும் கடைக்கும் போகாமல் செடி பெறும் வழி லயத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு வாசலில் நின்று, "அக்கா, இதுல ஒரு கிளை ஒடிச்சுக்கவா?" என்றால் போதும். கேட்காமல் ஒடித்ததுதான் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு, அதனால் சிலர் கேட்பதுகூட இல்லை. ஒரு வாசலில் பனியில் கருகிய ரகம் நாலு வாசல் தள்ளி உயிரோடு இருக்கும். கொடுத்தவளுக்கே அது திரும்பி வரும்.

இந்தக் கணக்கு கடைசியாகக் கைகொடுப்பது மலை இறங்கும் நாளில். ஓய்வு பெற்ற குடும்பம் லயத்தைக் காலி செய்து தேனிக்கோ கோவில்பட்டிக்கோ கிளம்பும்போது எல்லா டின்னையும் லாரியில் ஏற்றிவிட ஆசை இருக்கும். எல்லாம் பிழைக்காது. கோலியஸ் பிழைக்கும், சமவெளி வெயில் நேரே படாமல் வைத்தால் கீழேயும் தழைக்கும். மணி பிளாண்ட், ஸ்பைடர் பிளாண்ட், கலேடியம் பிழைக்கும். ரெக்ஸ் பிகோனியா ஒரு கோடையைத் தாண்டினால் அதிர்ஷ்டம். ஃபுஷியாவும் ஹைட்ரேஞ்சியாவும் அடிவார வெக்கைக்கு நிற்காது.

ஆகவே முதல் நாலையும் கொண்டுபோங்கள். கடைசி இரண்டையும் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். என்றாவது மலைக்கு வந்தால், அவை நீலமாகப் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.